கரிசலுக்குப் பச்சைப் பாய் வேண்டாம்

“நம்ம ஊரு கரிசலு. புல்லு முளைக்காது, ஊத்தத் தண்ணியும் கிடையாது. டர்ஃப் போட்டாத்தான் புள்ளைக உருப்படியா ஃபுட்பால் ஆட முடியும்.” விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணறு, காரியாபட்டி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் விளையாட்டு மைதானம் பற்றிப் பேச்சு எழுந்தால் இதைச் சொல்ல ஒருவராவது இருப்பார். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் ஒரு மினி ஸ்டேடியம் என்று தமிழக அரசு அறிவித்ததிலிருந்து இந்தப் பேச்சு கூடியிருக்கிறது. சொல்பவர்களின் அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஊர்ப் பிள்ளைகள் கருவேலங்காட்டு ஓரத்துப் பொட்டலில் முள்ளுக்கும் கல்லுக்கும் நடுவே பந்தை உருட்டுவதைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் சொல்கிறார்கள். ஆனால் சொல்வது தவறு. தண்ணீரைப் பற்றிச் சொல்வது மட்டும் பாதி சரி; அதைப் பிறகு பேசுகிறேன்.

முதலில் வெயிலைப் பேச வேண்டும். நம் பக்கத்தில் மற்ற எல்லாமே அதற்குப் பிறகுதான்.

டர்ஃப் என்கிற செயற்கைப் புல் வெறும் பிளாஸ்டிக் இழை. இழைகள் நிமிர்ந்து நிற்பதற்காக அடியில் மணலையும், அதன்மேல் பழைய டயரை அரைத்த கறுப்பு ரப்பர் குருணையையும் கொட்டியிருப்பார்கள். நிஜப் புல் வேரால் நீரை உறிஞ்சி இலை வழியே ஆவியாக விடுகிறது. அந்த ஆவியோடு சூடும் போய்விடும். பிளாஸ்டிக் இழைக்கு அந்த வேலை தெரியாது. வாங்கிய வெயில் அப்படியே தங்கிவிடும். பங்குனி, சித்திரையில் பகல் ஒரு மணிக்கு இப்படி ஒரு தரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், ஐந்து எண்ணுவதற்குள் எடுத்துவிடுவீர்கள். ஷூ போட்டவனுக்கும் அடிப்பாதம் காந்தும். ரப்பர் சூடாகும்போது வரும் பஞ்சர்க் கடை நெடி மூக்கில் ஏறும்.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2002ஆம் ஆண்டு தங்கள் மைதானத்தையே அளந்து பார்த்தார்கள். காற்று 37 டிகிரி செல்சியஸாக இருந்த ஒரு நாளில் செயற்கைத் தரையின் மேற்பரப்பு 93 டிகிரியைத் தொட்டது. 37 டிகிரி என்பது விருதுநகர் மாவட்டத்தில் கோடையின் சாதாரண நாள். தண்ணீர் கொதிக்க ஏழு டிகிரிதான் பாக்கி இருக்கும் தரையில் பன்னிரண்டு வயதுப் பையனை ஓடச் சொல்லலாமா?

தண்ணீர் தெளித்தால் தணிந்துவிடும் என்று டர்ஃப் விற்பவர்கள் சொல்வார்கள். அதையும் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே சோதித்தார்கள். 79 டிகிரியில் இருந்த தரைக்குத் தண்ணீர் விட்டதில் 29க்கு இறங்கியது. ஐந்தே நிமிடத்தில் 49க்கு ஏறியது. இருபது நிமிடத்தில் 73. ஆட்டத்தின் முதல் பாதியே 45 நிமிடம். தண்ணீர் மிச்சமாகும் என்று போட்ட தரைக்கு, அதைக் காலால் மிதிப்பதற்காகவே தண்ணீர் கொட்ட வேண்டியிருக்கிறது.

2015இல் பெண்கள் உலகக் கோப்பையை கனடா முழுக்க முழுக்கச் செயற்கைத் தரையில் நடத்தியது. ஆண்கள் உலகக் கோப்பை அப்படி ஒருபோதும் நடந்ததில்லை. இது பாகுபாடு என்று அமெரிக்காவின் ஏபி வாம்பாக் உள்ளிட்ட வீராங்கனைகள் 2014இலேயே ஒன்டாரியோ மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் முறையிட்டார்கள். பயனில்லாமல் போகவே மறு ஆண்டு மனுவைத் திரும்பப் பெற்றார்கள். எட்மன்டன் நகரில் நடந்த தொடக்க ஆட்டத்தன்று தரையின் வெப்பம் 49 டிகிரி என்று செய்தி வந்தது. எட்மன்டன் ஆண்டில் பல மாதம் பனியில் கிடக்கும் ஊர். அங்கேயே அப்படியென்றால் மல்லாங்கிணற்றை நான் தனியே கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

இந்தத் தரை எங்கே பெயர் பெற்றது, எதற்காகப் பெயர் பெற்றது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், கூரை மூடிய ஆஸ்ட்ரோடோம் அரங்கில் வெயில் படாமல் புல் செத்துப்போனது. அதற்கு மாற்றாகத்தான் 1966இல் பிளாஸ்டிக் புல்லை விரித்தார்கள். ஐஸ்லாந்தும் நார்வேயும் அதை வாங்கியதற்குக் காரணம் பனி. ஆண்டில் பாதிக்கு அங்கே நிஜப் புல் கிடைக்காது. மிசோரம் தலைநகர் ஐசாலில் போட்டதிலும் நியாயம் இருக்கிறது. மலைச்சரிவில் சமதளம் கிடைப்பதே அரிது, கிடைத்த ஒரு துண்டும் மழைக்காலம் முழுக்கச் சேறு. அந்தத் தரையைச் சொந்த மைதானமாகக் கொண்ட ஐசால் எஃப்சி 2017இல் ஐ-லீக் பட்டத்தையே வென்றது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். வெயில் இல்லாத இடம், பனி கொட்டும் இடம், ஓயாமல் மழை பெய்யும் இடம், தட்டையான நிலம் இல்லாத இடம் ஆகியவற்றுக்காக வந்த பொருள் இது. எங்கள் ஊரில் வெயிலுக்குக் குறைவில்லை. மழை ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையோடு முடிந்துவிடும். நிலமோ கண்ணுக்கெட்டிய தூரம் தட்டை. செயற்கைப் புல்லுக்கு நியாயம் சொல்லும் காரணங்களில் ஒன்றுகூட இங்கே இல்லை.

அடுத்து வருவது கோவில்பட்டி வாதம். இதுதான் எங்கள் பக்கத்து ஆட்களிடம் உள்ள வலுவான வாதம் என்பதால் இதை மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன். “அதுவும் கரிசல் பூமிதான். அங்கே ஹாக்கிக்குச் செயற்கைத் தரை போட்டார்கள். அங்கே பயின்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள். கால்பந்துக்கும் போட்டால் நம் பையன்களும் அப்படி வருவார்கள்.”

ஹாக்கிக்குப் போட்டது சரி. போடாமல் இருந்திருந்தால் தவறு. ஏனென்றால் பெரிய ஹாக்கிப் போட்டி எதுவும் இன்று புல்லில் நடப்பதில்லை. 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஆடவிட்டபோது, அதுவரை ஏழு தங்கம் வாங்கியிருந்த இந்தியா ஏழாம் இடத்துக்குப் போனது. 1980 மாஸ்கோவில் ஒரு தங்கம் கிடைத்தது. அதன்பின் அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு 41 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. என்றாலும் கட்டாந்தரையில் மட்டையைப் பிடித்துப் பழகிய ஊர்ப் பையனிடமிருந்து அந்த ஆட்டம் விலகிப்போனதில் தரைக்குப் பெரிய பங்கு இருந்தது. விதி மாறிய பின் கோவில்பட்டிப் பையனுக்கு அந்தத் தரையைக் கொடுப்பது அரசின் கடமை. கொடுத்தார்கள், பலன் வந்தது.

கால்பந்தில் காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. இங்கிலாந்தில் 1981இல் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் சங்கம் லாஃப்டஸ் ரோடு மைதானத்தில் பிளாஸ்டிக் புல் விரித்தது. பந்து தாறுமாறாக எகிறியது, வழுக்கி விழுந்தவர்களின் தோல் உரிந்தது. 1988இல் அவர்களே கிழித்தெடுத்தார்கள். பின்னால் வந்த தரைகள் அதைவிட மேல் என்பது உண்மை. இருந்தும் 2008இல் மாஸ்கோ லுஷ்னிக்கி அரங்கில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்துக்கு, இருந்த செயற்கைத் தரையின் மேல் நிஜப் புல்லைக் கொண்டுவந்து பதித்துத்தான் ஆடினார்கள். நெதர்லாந்தின் முதல்நிலை லீக் 2025-26 பருவம் முதல் செயற்கைத் தரையை விலக்கியிருக்கிறது. ஸ்காட்லாந்தின் முதல்நிலைச் சங்கங்கள் 2026-27 முதல் வேண்டாம் என்று வாக்களித்தன. 2026 ஆண்கள் உலகக் கோப்பைக்கு இயற்கைப் புல் வேண்டும் என்பது ஃபிஃபாவின் நிபந்தனை. சியாட்டில், அட்லாண்டா, வான்கூவர் என்று பிளாஸ்டிக் தரை கிடந்த அரங்குகளிலெல்லாம் அதற்காகவே புல் விரிக்க வேண்டியதாயிற்று. பாலைவனமான கத்தாரில் 2022இல் எட்டு அரங்கிலும் நிஜப் புல்.

அவ்வளவு தூரம் போவானேன்? கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் 2011இல் செயற்கைத் தரை போட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் மெஸ்ஸி வந்து வெனிசுவேலாவுக்கு எதிராக ஆடியது அதன் மேல்தான். பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவுக்கு வந்ததும் அதைப் பெயர்த்தெடுத்துவிட்டு பெர்முடா புல் பதித்தார்கள். 2017 அக்டோபர் 28 அன்று இங்கிலாந்து ஸ்பெயினை 5-2 என்று வென்ற இறுதி ஆட்டம் அந்தப் புல்லில் நடந்தது. இந்தியக் கால்பந்தின் மிகப் பெரிய அரங்கே போட்டுப் பார்த்துக் கழற்றி வீசிய ஒன்றை, நவீனம் என்று நாம் ஏன் தேடிப் போக வேண்டும்?

அந்த பெர்முடா புல் வேறு யாருமில்லை, நம் அருகம்புல்லின் குடும்பம். சைனோடான் என்ற அதே பேரினம். கரிசலில் புல் முளைக்காது என்று சொல்கிறவர், மல்லாங்கிணற்றில் பருத்தியோ மல்லியோ விதைக்கும் ஒரு சம்சாரியிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும். அருகை அழிக்க அவர் ஆயுள் முழுக்கப் போராடிக்கொண்டிருப்பார். மேலே இலையைச் சீவினால் போதாது. மண்வெட்டியால் வெட்டித் திருப்பினால் வெள்ளை வேர்த்தண்டு கணுக் கணுவாக அடியில் ஓடுவது தெரியும். ஒரு கணு மண்ணில் தங்கினாலும் அடுத்த மழைக்குத் தலை நீட்டும். மாசி பங்குனியில் காய்ந்து பழுப்பாகிச் செத்ததுபோலக் கிடக்கும். ஒரு கோடை மழை போதும், நாலே நாளில் பச்சை. பிள்ளையாருக்குச் சார்த்த எந்த மாதம் தேடினாலும் ஒரு பிடி கிடைத்துவிடுகிறதே, எப்படி? அருகுக்கு வேண்டியது முழு வெயில். நிழல்தான் ஆகாது. உலகத்துக் கால்பந்து அரங்குகளை நிர்வகிப்பவர்கள் விலை கொடுத்து வாங்கிப் பதிக்கும் புல்லின் சொந்தக்காரன் நம் வரப்பில் களையாக நிற்கிறான்.

கரிசல் மண்ணில் ஒரு சிக்கல் உண்டு, மறைக்க மாட்டேன். மழைக்கு ஊதும், கோடைக்குச் சுருங்கும். சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும்; கோலிக்குண்டு விழுந்தால் திரும்பக் கிடைக்காது. இதன் மேல் எந்த மைதானம் போட்டாலும் சிரமம்தான். யாருக்கு அதிகச் சிரமம் என்பதே கேள்வி. செயற்கைத் தரை கொஞ்சமும் அசையாத அடித்தளம் கேட்கும். கரிசலை ஆழமாகத் தோண்டியெடுத்து, சரளையும் ஜல்லியும் அடுக்கடுக்காகப் போட்டு இறுக்க வேண்டும். அதில் கஞ்சத்தனம் செய்தால் இரண்டு மழைக்காலத்தில் விரிப்பு அலையடிக்கும், ஒட்டிய இடம் பிரியும். ஒட்டுப்போட வெளியூர் நிறுவனத்தின் ஆள் வர வேண்டும். மண் மைதானத்துக்கு மேலே ஓரடிக்குச் செம்மண்ணும் மணலும் கலந்து போட்டுச் சமன் செய்தால் போதும். பிறகு வெடிப்பு விட்டாலும் இரண்டு டிராக்டர் மண் அடித்து, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டும் வேலை. அதை ஊர் ஆட்களே செய்வார்கள்.

இனி தண்ணீர். முழு அளவுக் கால்பந்துத் தரை 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். 7,140 சதுர மீட்டர். கோடையில் நாளுக்கு ஐந்து மில்லிமீட்டர் என்று ஊற்றினால் 35,700 லிட்டர். 12,000 லிட்டர் லாரி மூன்று. குடிதண்ணீருக்கே குடத்தோடு நிற்கும் வட்டாரத்தில் இது பெரிய தொகை. எதிர்த்தரப்பு இங்கேதான் பாதி சரி. ஆனால் அந்தக் கணக்கு, தொலைக்காட்சியில் காட்டுவதுபோல ஆண்டு முழுக்கப் பசேலென்று இருக்க வேண்டும் என்றால்தான். ஒரு பேரூராட்சி மைதானத்துக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. ஐப்பசி முதல் தை வரை மழையும் பனியும் பார்த்துக்கொள்ளும். மற்ற மாதங்களில் வேர் உயிரோடு இருக்கும் அளவுக்கு வாரத்துக்கு இரண்டு முறை நனைத்தால் போதும். இலை பழுப்பானாலும் தரையைக் கட்டிப்பிடிக்கும் வேலையை வேர் செய்யும். குளிப்பதும் துவைப்பதுமாக வீடுகளிலிருந்து வாறுகாலில் ஓடிப் பாழாகும் தண்ணீரை வடிகட்டித் திருப்பிவிட்டால் குடிநீரில் ஒரு சொட்டும் கேட்க வேண்டாம். அதுவும் முடியாத ஆண்டில் மண் தரையிலேயே ஆடட்டும். சென்னையை 2017-18இல் ஐஎஸ்எல் பட்டம் வரை கூட்டிப்போன அணியில் இருந்த தனபால் கணேஷ் வியாசர்பாடியிலிருந்து வந்தவர். மைக்கேல் சூசைராஜ் குமரிக் கடற்கரை இரவிபுத்தன்துறைக்காரர். வியாசர்பாடியின் மண்ணும் குமரிக் கரையின் மணலும் தந்த ஆட்டக்காரர்கள் எத்தனையோ பேர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸோடு 1-2 என்று போராடித் தோற்ற இந்திய அணியில் பெரும்பாலோர் ஆடியதே வெறுங்காலோடு. எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் இன்றும் வெறுங்காலோடுதான் ஆடுகிறார்கள். அந்தக் காலை 60, 70 டிகிரித் தரையில் வைக்க முடியாது. டர்ஃப் போட்ட அன்றே அவர்கள் மைதானத்துக்கு வெளியே போய்விடுவார்கள்.

பராமரிப்பே வேண்டாம் என்பது சுத்தப் பொய். இழைகளை அவ்வப்போது பிரஷ் போட்டு நிமிர்த்த வேண்டும், குறையும் ரப்பரை நிரப்ப வேண்டும், இறுகிய குருணையை இயந்திரம் வைத்து இளக்க வேண்டும். ஃபிஃபாவின் உயர் தரச் சான்று வேண்டுமானால் ஆண்டுதோறும் சோதனை. இவ்வளவும் செய்தாலும் எட்டு முதல் பத்து ஆண்டில் முழுவதையும் உரித்தெறிய வேண்டும். அந்தக் குப்பை எங்கே போகும்? ஊர் எல்லையில், கண்மாய்க் கரையில். பல பத்து டன் ரப்பரும் பிளாஸ்டிக்கும். அதற்கு முன்பே குருணை ஆடுபவர் ஷூவிலும் சாக்ஸிலும் ஒட்டி வீட்டுக்குப் போகும், மழைத் தண்ணீரில் ஓடைக்குப் போகும். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் இப்படி ஆண்டுக்கு 16,000 டன் நுண்பிளாஸ்டிக் வெளியேறுகிறது என்று அவர்களுடைய வேதிப்பொருள் முகமை மதிப்பிட்டது. அதன்பேரில் இந்தக் குருணை விற்பனைக்கு 2031 அக்டோபரோடு முற்றுப்புள்ளி வைக்க 2023இல் சட்டம் போட்டுவிட்டார்கள். டயர்க் குருணையால் புற்றுநோய் வரும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அது நிரூபணமாகவில்லை, அந்த வாதம் எனக்குத் தேவையும் இல்லை. முழங்கால் காயம் பற்றியும் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. நிரூபணமான சூடும் குப்பையுமே போதும்.

பட்டாசில் பேரியம் உப்பு இருக்கக்கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது சிவகாசி வட்டாரத் தொழிலே ஆட்டம் கண்டது. டெல்லியின் காற்றுக்காக நம் மாவட்டத்துத் தொழிலாளி வேலையை இழந்து கூலியை விட்டுக்கொடுத்தார். அந்தத் தொழிலாளியின் பிள்ளை ஆடும் மண்ணில் அரைத்த டயரைக் கொட்டும்போது மட்டும் யாரும் கேள்வி கேட்க வேண்டாமா?

நாள் முழுக்க ஆடலாம், புல் தரை அவ்வளவு தாங்காது என்பது எதிர்த்தரப்பின் கடைசிக் கணை. குளிர் நாட்டில் அது உண்மை. இங்கே மாசி முதல் புரட்டாசி வரை காலை பத்திலிருந்து மாலை நாலரை வரை அந்தத் தரை சும்மா கிடக்கும். தனியார் டர்ஃப்களைப் பாருங்கள், கூட்டமெல்லாம் இருட்டிய பிறகுதான். ஆகவே விளக்கு வேண்டும், கரண்டு பில் வேண்டும், காவலுக்கு ஆள் வேண்டும், வேலி வேண்டும். செலவை எடுக்கக் கட்டணம் வேண்டும். 2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி மன்றம் தன்னுடைய ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஓர் ஆள் ஒரு மணி நேரம் ஆட 120 ரூபாய் வாங்கிக்கொள்ளலாம் என்று தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் உடனே திரும்பப் பெற்றது, அதுவரைக்கும் நல்லது. ஆனால் அந்தத் தீர்மானம் ஏன் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். விலை உயர்ந்த தரை எதுவும் இலவசமாக இருக்க விடாது. இரண்டு அணிக்கு 22 பேர், மணிக்கு 2,640 ரூபாய். பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் அம்மாவின் மகன் ஞாயிற்றுக்கிழமை எதைக் கொடுத்து உள்ளே போவான்?

மதுரையின் சேது எஃப்சி பெண்கள் 2019இல் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மதுரை நமக்கு ஒரு மணி நேரப் பயணம். நம் ஊர்ப் பெண்பிள்ளைகளில் அந்த ஆட்டம் ஆடக் கூடியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பள்ளி விட்டதும் நடந்து போகும் தூரத்தில், யாரிடமும் சாவி கேட்காமல் இறங்கக் கூடிய மைதானம் வேண்டும்.

ஆகவே மல்லாங்கிணறு பேரூராட்சிக்கும், காரியாபட்டி வட்டாரத்துப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், மைதானத்துக்கு நிதி ஒதுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. ஒரு செயற்கைத் தரைக்குக் கேட்கும் பணத்தை நாலைந்து பள்ளி மைதானங்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். கருவேலத்தை வேரோடு எடுத்து, செம்மண் போட்டுச் சமப்படுத்தி, இந்த ஐப்பசி மழைக்கு முன்னால் அருகங்கரணை நட்டுவிடுங்கள். சுற்றிலும் வேம்பும் புங்கையும் வையுங்கள். இரண்டு பக்கமும் வலை கட்டிய கோல் போஸ்ட், குடிக்கத் தண்ணீர், பெண்பிள்ளைகளுக்குப் பூட்டுள்ள கழிப்பறை. கேட்டை மட்டும் பூட்டாதீர்கள்.